எலி சொன்னது பொய் இல்லை: டி செல்களின் கதை

நம்ம ஆபீஸ்ல பழைய கோட்ல ஒரு ஃபங்ஷன் இருக்கும். எதுக்குன்னே யாருக்கும் தெரியாது. அதைத் தூக்கிட்டு ரன் பண்ணா, சம்பந்தமே இல்லாத ஓர் இடத்துல உடையும். அப்போதான் அதோட வேலை என்னன்னு புரியும். இன்னைக்குக் கதையும் அப்படித்தான்.

1969, ஜப்பானின் நகோயா. நிஷிஸுகா, சகாகுரா என்ற இரண்டு ஆய்வாளர்கள், பிறந்து மூணே நாளான சுண்டெலிகளிடமிருந்து தைமஸ் சுரப்பியை எடுத்துட்டாங்க. டி செல் என்ற வெள்ளை அணுக்கள் தயாராகும் இடம் அது. அதை எடுத்தா எதிர்ப்பு சக்தி குறையணும், இல்லையா? ஆனா அந்த எலிகளோட சினைப்பைகள் அழிஞ்சு போச்சு. உடம்பே தன்னைத் தாக்கியிருக்குங்கிறது பின்னாடிதான் தெரிஞ்சது.

அடுத்த வருஷம், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் கெர்ஷன், டி செல்களில் சில மற்ற செல்களை அடக்குகின்றன என்று சொன்னார். பேரு 'சப்ரஸர் டி செல்'. பத்து வருஷம் செம ஹிட்! அதுக்கு ஐ-ஜே என்று ஓர் அடையாளமும் சொன்னாங்க. 1980களின் தொடக்கத்தில் டிஎன்ஏவைத் தேடிப் பார்த்தா, சொன்ன இடத்தில் அப்படி ஒரு ஜீனே இல்லை. துறையே கவிழ்ந்தது. 'சப்ரஸர்' என்று சொல்லவே பலரும் கூச்சப்பட்டாங்க.

சரி, ஐ-ஜே தப்பு. ஆனா அந்த எலிகளுக்கு நடந்தது நிஜம்தானே? ஷிமோன் சகாகுச்சி அதைப் பிடிச்சுக்கிட்டார். 1995-ல், சிடி25 என்ற புரதம் உள்ள டி செல்களை மட்டும் பிரிச்சு எடுத்துட்டு, மிச்சத்தை தைமஸ் இல்லாத எலிகளுக்குச் செலுத்தினார். உடம்பு தன்னையே தாக்கியது. பிரிச்ச செல்களையும் சேர்த்துக் கொடுத்தா, நோய் வரலை.

2001-ல் மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் குழு, ஸ்கர்ஃபி என்ற நோயாளி எலிகளில் பழுதான ஜீனைக் கண்டுபிடித்தது: ஃபாக்ஸ்பி3. மனிதர்களில் இதே ஜீன் பழுதானால் ஐபெக்ஸ் என்ற கொடிய நோய். கைக்குழந்தையாக இருக்கும்போதே சர்க்கரை நோய், நிற்காத வயிற்றுப்போக்கு. பெரும்பாலும் ஆண் குழந்தைகளுக்கு. 2003-ல் முடிச்சு விழுந்தது: சகாகுச்சியின் செல்களை உருவாக்குவதே இந்த ஜீன்தான்.

இப்போ அந்த செல்களுக்கு 'ரெகுலேட்டரி டி செல்' என்று பேரு. 2025-ல் மூணு பேருக்கும் மருத்துவ நோபல் கிடைச்சுது.

ஒரு விளக்கம் தோத்துட்டா, அதோட சேர்த்து கண்ணால பார்த்ததையும் நாம தூக்கிப் போட்டுடறோம். உங்க வேலையில அப்படித் தூக்கிப் போட்டது ஏதாவது இருக்கா? சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.