சோழி யார் கையில்?

இராமநாதபுரம் மாவட்டத்துக் கல்லூரி ஒன்றில் இளங்கலை மாணவர்க்குத் திருக்குறள் நடத்துவது நமக்கு வாய்த்த பணிகளுள் ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன் ‘சூது’ அதிகாரத்தை எடுத்த நாளில், பின்வரிசை மாணவர் ஒருவர் எழுந்து, “ஐயா, ரம்மி திறமையால் ஆடும் ஆட்டம் என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அப்படியிருக்கச் செல்பேசியில் ரம்மி ஆடுவதை வள்ளுவர் சொன்ன சூதில் எப்படிச் சேர்ப்பது?” என்று கேட்டார். வகுப்பு சிரித்தது; அவர் சிரிக்கவில்லை. கடலுக்குப் போகும் தந்தை கட்டணத்துக்கென்று கொடுத்த பணத்தை அவர் அந்த ஆட்டத்தில் இழந்திருந்தார் என்பது பின்னர்தான் நமக்குத் தெரிய வந்தது.

அன்று நாம் சொன்ன விடை விடையே ஆகாது. “சூது சூதுதான்” என்று சொல்லிவிட்டு அடுத்த குறளுக்கு நகர்ந்துவிட்டோம். கேள்வியோ நம்மைவிட்டு நகரவில்லை. இக்கட்டுரையை அந்த மாணவர்க்குக் காலம் கடந்து சொல்லும் விடையாகக் கொள்ளலாம்.

*

தமிழர் ஆட்டத்தை வெறுத்தவர் அல்லர் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். வைகைக் கரையில் கீழடியில் நடந்த அகழாய்வுகளில் தந்தத்தாலும் சுடுமண்ணாலும் ஆன பகடைகள், ஆட்டக் காய்கள், உடைந்த பானையோடுகளைத் தேய்த்துச் செய்த வட்டச் சில்லுகள் முதலியன கிடைத்துள்ளன. அதே வைகை கடலைச் சேரும் இடத்துக்கு அருகே, நம் மாவட்டத்தில், அழகன்குளம் இருக்கிறது. உரோமானியக் காசுகளும் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த ஓடுகளும் கப்பல் உருவம் கீறிய பானையோடும் கிடைத்த பழந்துறைமுகம் அது. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்த ஆற்றின் கரைகளில் வணிகமும் இருந்தது, விளையாட்டும் இருந்தது.

சங்கப் பாடல்களில் ‘வல்’ என்னும் பலகையாட்டம் வருகிறது. அதன் காய்க்கு ‘நாய்’ என்று பெயர். புறநானூற்றின் 52ஆம் பாட்டில் மருதனிளநாகனார் ஒரு பாழ்பட்ட ஊரைக் காட்டுகிறார். நரைத்த முதியவர்கள் காய்களை வைத்து வைத்து ஆடியதால் குழி விழுந்த பொது மன்றத்தில் இப்போது காட்டுக்கோழி முட்டையிட்டிருக்கிறது என்கிறார். ஊர் அழிந்துபோனதற்கு ஆட்டம் நின்றுபோனதையே அவர் அடையாளமாகக் கொண்டது கருதத்தக்கது. பலர் கூடும் இடத்தில், எல்லோரும் பார்க்க நடந்த ஆட்டம் வாழும் ஊரின் இலக்கணமாக இருந்திருக்கிறது.

அந்த ஆட்டத்திலும் கள்ளம் உண்டு. சோழன் நலங்கிள்ளியின் தம்பி மாவளத்தானும் புலவர் தாமப்பல் கண்ணனாரும் வட்டு ஆடினார்கள். புலவர் காயைக் கைக்குள் மறைத்தார். இளவரசன் சினந்து வட்டாலேயே அவரை எறிந்தான். “நீ சோழன் மகன் அல்லை” என்றார் புலவர், அவன் நாணினான். அதன்பின் புலவர் தம் பிழையை ஒப்புக்கொண்டு பாடியதே புறநானூற்றின் 43ஆம் பாட்டு என்று அதன் குறிப்பு கூறுகிறது. இருவரும் எதிரெதிரே அமர்ந்திருந்தார்கள். கள்ளம் கண்ணில் பட்டது. சினமும் நாணமும் மன்னிப்பும் ஒரே இருக்கையில் நடந்து முடிந்தன. பிற்காலத்து ஆட்டத்தில் மறைந்துபோனது இந்த எதிரெதிர் அமர்வுதான் என்பது நம் எண்ணம்.

*

இராமேசுவரம் அக்கினி தீர்த்தக் கரையில் சங்கும் சோழியும் விற்கும் கடைகளை அறியாதவர் இரார். நாமும் ஆறு சோழிகளை வாங்கி வைத்திருக்கிறோம். சோழியை உருட்டினால் ஒன்று வாய் மேலே பார்க்கும், அல்லது முதுகு மேலே பார்க்கும்; மூன்றாவது நிலை இல்லை. கணினி வன்பொருளின் அடிப்படையான ஒன்று, சுழியம் என்னும் இரு நிலைகளை நம் பாட்டிமார் எப்போதோ கையில் குலுக்கியிருக்கிறார்கள்.

ஆறு சோழிகள் விழக்கூடிய வகைகள் 64. இரு நிலைகளுக்கும் சம வாய்ப்பு என்று கொண்டால், மூன்று நிமிர்ந்து மூன்று கவிழ்வதற்கு 64இல் 20 வழிகள் உண்டு. ஆறும் நிமிர்வதற்கு ஒரே வழிதான். எது அரிதோ அதற்குக் கூடுதல் மதிப்பு. உண்மையில் எந்தச் சோழியும் சரிபாதி வாய்ப்புடையதன்று. வளைவுக்கேற்ப ஒரு சாய்வு இருக்கும். ஆனால் அந்தச் சாய்வு ஆடுவோர் எல்லோர்க்கும் பொது. அதே சோழி கைமாறிக் கைமாறி வருகிறது. ஐயம் வந்தால் கையில் எடுத்துப் பார்க்கலாம். சண்டை முற்றினால் வேறு சோழி கொண்டுவரச் சொல்லலாம்.

நம் காப்பிய மரபு அஞ்சியதும் இதன் மறுபக்கத்தைத்தான். அத்தினாபுரத்துச் சூதில் பொருள் துரியோதனனுடையது. கவறு உருட்டிய கை சகுனியுடையது. தருமன் எதிராளியோடு ஆடுவதாக நினைத்து, கவற்றையே தன்வயப்படுத்தியிருந்த ஒருவனோடு ஆடினான். நளன் கதையிலும் எதிர்நின்ற புட்கரனைவிடக் கண்ணுக்குத் தெரியாத கலியே நளனைத் தோற்கடித்தான்.

*

இனி இயந்திரத்துக்கு வருவோம். பிரிட்டனில் அரசு வெளியிட்ட பரிசுப் பத்திரங்களுக்கு 1957 சூன் முதல் ‘எர்னி’ என்ற இயந்திரம் எண்களைத் தேர்ந்தெடுத்தது. உலகப் போர்க்காலத்தில் செருமானியரின் மறைகுறிகளை உடைப்பதற்குக் ‘கொலாசசு’ கணினியைக் கட்டிய அஞ்சல்துறைப் பொறியாளர்களே இதையும் கட்டினார்கள். நியான் வாயுக் குழாய்களில் எழும் ஒழுங்கற்ற மின்னிரைச்சலிலிருந்து அது எண்களைப் பெற்றது. தேர்வான எண்களை அரசின் புள்ளியியலார் சோதித்தார்கள். முதல் எர்னி பின்னர் இலண்டன் அறிவியல் அருங்காட்சியகத்துக்குச் சென்றது. சோழியின் இடத்தில் வன்பொருள் வந்துவிட்டது. எனினும் அதைச் சோதிக்க ஒருவர் இருந்தார்.

இணையச் சீட்டாட்டத்தில் சீட்டைக் கலைப்பது மென்பொருள். 52 சீட்டுகளைக் கலைத்து அடுக்கக்கூடிய வகைகளின் எண்ணிக்கை, 8 என்று எழுதி அதன்பின் 67 சுழியங்கள் இட்டால் வருவதற்கு நெருங்கியது. 1999இல் ‘பிளானட் போக்கர்’ என்னும் தளத்தில் பயன்பட்ட கலைக்கும் நிரலை, அதன் நேர்மையை மெய்ப்பிப்பதற்காக அதை எழுதிய நிறுவனமே வெளியிட்டது. அமெரிக்கக் கணினிப் பாதுகாப்பு வல்லுநர் சிலர் அதைப் படித்துப் பார்த்தார்கள். கலைப்பின் தொடக்க எண் கடிகாரத்திலிருந்து, நள்ளிரவு முதல் கழிந்த மில்லிநொடிகளின் கணக்காக எடுக்கப்பட்டது. ஒரு நாளில் இருப்பவை 8 கோடியே 64 லட்சம் மில்லிநொடிகளே. ஆகவே அந்தக் கடல் போன்ற எண்ணிக்கையிலிருந்து இத்தனை கலைப்புகள் மட்டுமே உண்மையில் நிகழக்கூடியவை. தளத்தின் கடிகாரத்தோடு தம் கடிகாரத்தைப் பொருத்தியபோது அது சுமார் 2 லட்சமாகச் சுருங்கியது. கையிலிருந்த இரு சீட்டுகளையும் மேசையில் திறந்த மூன்று சீட்டுகளையும் கொண்டு, மற்றவர் கையில் இருந்தவற்றை அவர்கள் உடனுக்குடன் கண்டறிந்து காட்டினார்கள்.

2007இல் ‘அப்சொலூட் போக்கர்’ தளத்தில் வேறொரு கள்ளம் வெளிப்பட்டது. உள்ளிருந்தே ஏற்படுத்தப்பட்ட ஒரு கணக்குக்கு எல்லோருடைய சீட்டுகளும் தெரிந்தன. ஆட்டப் பதிவுகளை ஆராய்ந்து அதைக் கண்டுபிடித்தவர்கள் ஆடிய பொதுமக்களே. காயைக் கைக்குள் மறைத்த தாமப்பல் கண்ணனார் எதிரே இருந்தார். இங்கே மறைத்தவர் முகமே இல்லாதவர். முதல் நிரல் வெளியிடப்பட்டதால் பிழை தெரிந்தது என்பதையும், வெளியிடப்படாத நிரல்களைப் பற்றி ஆடுபவர் எதுவும் சொல்லவியலாது என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

*

அந்த மாணவர் எடுத்துக்காட்டிய தீர்ப்புக்கு இப்போது வருவோம். ஆந்திரப் பிரதேச அரசுக்கும் சத்தியநாராயணா என்பவருக்கும் இடையிலான வழக்கில் 1967 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. செகந்திராபாத்து மனமகிழ் மன்றம் ஒன்றில் ரம்மி ஆடியது குறித்த வழக்கு அது. விழும் சீட்டுகளை நினைவில் வைத்தல், எதை வைத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது என்று தீர்மானித்தல் ஆகியவற்றால் ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்தது என்று நீதிமன்றம் கூறியது. பின்வந்த வழக்குகளிலும் விளம்பரங்களிலும் ஓயாது ஒலித்தது இந்தப் பகுதிதான்.

அதே தீர்ப்பில் வேறொரு பகுதியும் உண்டு. மன்றத்தின் உரிமையாளர் பணயம் வைத்து ஆடும் ரம்மியிலிருந்தோ வேறு ஆட்டத்திலிருந்தோ இலாபம் ஈட்டுகிறார் என்பதற்குச் சான்று இருந்தால் குற்றம் நிலைபெறலாம் என்பது அது. சீட்டுக்கும் இடத்துக்கும் சிறு கட்டணம் பெறுவது அத்தகைய இலாபமாகாது என்றும் நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஆடுபவரின் திறமை ஒரு கேள்வி; ஆட்டத்தை நடத்துபவரின் ஆதாயம் மற்றொரு கேள்வி. தீர்ப்பு இரண்டையும் கேட்டது. நாம் முதலாவதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டோம்.

தமிழ்நாட்டில் 1968இல் அரசே பரிசுச்சீட்டைத் தொடங்கியது. 2003இல் இணையவழிச் சீட்டு உட்பட அனைத்தும் தடை செய்யப்பட்டன. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடுக்க 2020 நவம்பரில் அவசரச் சட்டமும் 2021இல் சட்டமும் வந்தன. அச்சட்டத்தை 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாதென்றது. ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையிலான குழுவின் அறிக்கைக்குப் பின் 2022 அக்டோபரில் மீண்டும் அவசரச் சட்டம் வந்தது. ஆளுநர் திருப்பியனுப்பிய மசோதாவைப் பேரவை மறுபடி நிறைவேற்ற, 2023 ஏப்ரலில் அது சட்டமாயிற்று. அவ்வாண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றுக்கொண்டே, ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று கூறி அவற்றுக்கான தடையை மட்டும் நீக்கியது. பின்னர் 2025இல் நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை ஆடலாகாது என்பது முதலிய விதிமுறைகள் வந்தன. அவற்றை நீதிமன்றமும் ஏற்றது.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் வேறு வழியில் சென்றது. திறமையா, வாய்ப்பா, இரண்டும் கலந்ததா என்று பாராமல், பணம் கட்டிப் பணம் எதிர்பார்க்கும் இணைய விளையாட்டு அனைத்தையும் அது விலக்கியது. அதை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்தை அடைந்தன. ஏறத்தாழ அறுபதாண்டு காலம் நீதிமன்றங்களை ஆட்டிவைத்த கேள்வியை ஒரு சட்டம் ஓரமாக எடுத்து வைத்துவிட்டது.

*

வள்ளுவரும் அக்கேள்வியைக் கேட்கவில்லை என்பதை மறுபடி படித்தபோதுதான் உணர்ந்தோம். கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் நடுவே வைக்கப்பட்ட ‘சூது’ அதிகாரத்தின் முதற்குறள், தோற்பதைப் பற்றியதன்று, வெல்வதைப் பற்றியது. வெற்றியில் வரும் பொருள், மீன் விழுங்கிய தூண்டில் பொன் போன்றது என்கிறார். அங்கே ‘பொன்’ என்பதற்குப் பரிமேலழகர் இரும்பு என்றே பொருள் கொள்கிறார். இரை மறைத்த இரும்பு அது. அடுத்த குறள் ஒன்று பெற்று நூறு இழப்பதைச் சொல்கிறது. மீன் திறமையாக நீந்தியதா என்ற ஆராய்ச்சிக்கு அவர் இடமே தரவில்லை. தூண்டில் என்றால் அதைப் பிடித்திருக்கும் கை ஒன்று உண்டு. அதை அவர் சொல்லாமலே சொல்லிவிடுகிறார்.

புதிதாய்ச் சேர்பவர்க்கு இலவசமாய்த் தந்த தொகையும், முதல் சில ஆட்டங்களில் கிடைத்த சிறு வெற்றியும் அந்த இரை. ஒவ்வொரு சுற்றிலும் மேசையிலிருந்து தனக்குரிய பங்கை எடுத்துக்கொண்டவர் ஆடியவருள் ஒருவர்கூட இல்லை. அந்த மாணவரிடம் திறமை இருந்திருக்கலாம். எதிரே ஆடியவரை அவர் வென்றும் இருக்கலாம். பங்கு எடுத்தவரை வெல்லும் திறமை எந்த ஆட்டக்காரருக்கும் இல்லை.

சட்டம் வந்ததால் இது முடிந்துவிட்டதென்றும் கருதவியலாது. பணப்பரிசு இல்லாத விளையாட்டுகளிலும், உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத பெட்டியைக் காசு கொடுத்துத் திறக்கும் வழக்கம் உண்டு. பெல்சியம் 2018இல் அதைச் சூதாகவே அறிவித்தது. நம் வீட்டுப் பிள்ளைகள் ஆடுபவற்றிலும் அத்தகைய பெட்டிகள் உள்ளன.

இப்போதெல்லாம் அந்த அதிகாரத்தை நடத்தும் நாளில் ஆறு சோழிகளையும் வகுப்புக்கு எடுத்துச் செல்கிறோம். மாணவர்கள் உருட்டுகிறார்கள், கரும்பலகையில் கணக்கு வைக்கிறோம், சாய்வுள்ள சோழி எதுவென்று அவர்களே கண்டுபிடிக்கிறார்கள். அதன்பின் மூன்று கேள்விகளை எழுதிப் போடுகிறோம். சோழி யார் கையில் இருக்கிறது? ஒவ்வொரு சுற்றிலும் பங்கு பெறுபவர் யார்? வேண்டாம் என்று தோன்றும்போது எழுந்து போக முடிகிறதா? கடலோரப் பிள்ளைகளுக்குத் தூண்டிலை விளக்க வேண்டியதில்லை. குறளை அவர்களே சொல்லி முடித்துவிடுகிறார்கள்.