துடுப்பும் ராக்கெட்டும்



எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் வளர்ந்தவர்களுக்கு ராக்கெட் என்பது பேப்பரில் படிக்கிற சங்கதி மட்டுமல்ல. ஸ்ரீஹரிகோட்டா நமக்கு வடக்கே, பழவேற்காடு ஏரிக்கு அந்தாண்டை. வானம் தெளிவா இருந்தா மொட்டை மாடியிலேர்ந்தே புகைக்கோடு தெரியும்.

பால்சா மரத்தில் மாடல் ராக்கெட் செய்து பார்த்த தம்பி தங்கைகளுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். முதலில் ஒடிவது வால் துடுப்புதான். தரையில் மோதியதும் கோந்து போட்ட இடத்திலோ, மர ரேகை ஓடும் திசையிலோ பிளந்துவிடும். பெவிகால் வைத்து ஒட்டி, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் மறுபடி பறக்கும். கோணலாக ஒட்டினால் அவ்வளவுதான், பம்பரம் சுற்றும். பின்பக்கம் துடுப்பு இருந்தால்தான் காற்று மூக்கை நேராகப் பிடித்து வைக்கும்.

இதே துடுப்புக்கு நம் நாட்டு ராக்கெட் வரலாற்றிலும் ஓர் இடம் உண்டு.

1979 ஆகஸ்ட் 10. அப்துல் கலாம் திட்ட இயக்குநராக இருந்த எஸ்.எல்.வி.-3, 22 மீட்டருக்கு மேல் உயரம், 17 டன் எடை. இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பில் ஒரு வால்வு தூசியால் சரியாக மூடவில்லை. அமிலம் கசிந்து தீர்ந்துபோக, ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. ஒரு தூசி! அன்று பத்திரிகைக்காரர்களுக்குப் பதில் சொன்னவர் தலைவர் சதீஷ் தவான். 1980 ஜூலை 18-ல் ரோகிணி சுற்றுப்பாதைக்குப் போனது. இந்தக் கதை எல்லோருக்கும் தெரியும்.

தெரியாதது அடுத்த ராக்கெட்டான ஏ.எஸ்.எல்.வி.யின் கதை. என்னைக் கேட்டால் அதுதான் சுவாரசியம். 1987 மார்ச் 24: பக்கத்தில் கட்டிய இரு பூஸ்டர்கள் எரிந்து முடிந்தும் நடு மோட்டார் பற்றவேயில்லை. 1988 ஜூலை 13: இந்தத் தடவை பற்றியது. ஆனால் பூஸ்டர் அடங்கி நடு மோட்டார் வேகம் பிடிக்கும் அந்தச் சின்ன இடைவெளியில் பிடி நழுவி, காற்றின் அழுத்தத்தில் ராக்கெட் முறிந்தது. இரண்டும் கடலுக்குள். எஸ்.எல்.வி. என்றால் ‘சீ லவிங் வெஹிக்கிள்’ என்று ஜோக் அடித்தவர்களும் உண்டு.

ரிப்பேர் என்ன செய்தார்கள்? பூஸ்டரின் உந்துவிசை இறங்குவதை ராக்கெட்டே உணர்ந்து, அந்த நிமிஷமே நடு மோட்டாரைப் பற்றவைக்க ஏற்பாடு. கூடவே, அடிப்பாகத்தில் துடுப்புகள்! கம்ப்யூட்டர், ஜைரோ எல்லாம் இருந்தும், அந்த ஓரிரு நொடிக்கு நம்ம பால்சா மாடலின் வைத்தியமே வேண்டியிருந்தது. 1992 மே 20-ல் ஸ்ராஸ்-சி மேலே போனது. உயரம் நினைத்ததைவிடக் குறைவுதான். 1994 மே 4-ல் அந்தக் குறையும் தீர்ந்தது.

பி.எஸ்.எல்.வி.யும் 1993 செப்டம்பர் 20-ல் முதல் தடவை கடலில்தான் விழுந்தது, 1994 அக்டோபர் 15-ல் வென்றது. 2022 ஆகஸ்ட் 7-ல் தவறிய சின்ன ராக்கெட் எஸ்.எஸ்.எல்.வி., 2023 பிப்ரவரி 10-ல் சரியாகப் போனது.