ரிவைவல்-2 முடிவு யாருக்குப் பொருந்தும்? மாரடைப்புக்குப் பின் ஜி-சிஎஸ்எஃப் பற்றி ஒரு மறுவாசிப்பு

மாரடைப்பில் சிதைந்த தசையைச் சீராக்க ஜி-சிஎஸ்எஃப் என்னும் வளர்ச்சிக் காரணி ஊசி உதவாது என்பது 2006இல் வெளியான ரிவைவல்-2 ஆய்வோடு முடிந்துபோன விவகாரமாகவே கருதப்படுகிறது. இதை என்னால் ஏற்க இயலவில்லை. மருந்து பலிக்கும் என்று நிறுவும் சான்று என்னிடம் இல்லை. ஆயினும் அந்த ஆய்வு எழுப்பாத கேள்விக்கும் அதன் பெயரால் விடை சொல்லப்படுகிறது.

ஆய்வில் சேர்ந்தோர் 114 பேர். அனைவருக்கும் வலி தொடங்கி 12 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோபிளாஸ்டி முடிந்திருந்தது. ஐந்து நாள் கழித்து ஒரு பிரிவினருக்குக் கிலோவுக்கு 10 மைக்ரோகிராம் வீதம் ஐந்து நாள் ஊசி, மற்றவர்களுக்கு மருந்துப்போலி. நான்கு முதல் ஆறு மாதத்தில் சிதைவுப் பரப்பு மருந்து பெற்றோரிடம் 6.2 விழுக்காடும் மருந்துப்போலி பெற்றோரிடம் 4.9 விழுக்காடும் சுருங்கியிருந்தது. புள்ளியியல் நோக்கில் இது வேறுபாடே ஆகாது. கணக்கிலும் முறையிலும் நான் குறை காணவில்லை.

நான் நிறுத்திப் படிப்பது அந்த 4.9ஐ. எந்த வளர்ச்சிக் காரணியும் பெறாத இதயங்களும் தேறியிருக்கின்றன. உரிய நேரத்தில் குழாய் திறந்தால், செயலிழந்தும் சாகாத தசை தானாகவே மீள்கிறது. அந்த மீட்சிக்கு மேல் ஊசி கூட்டித் தருவதற்கு எவ்வளவு மிஞ்சியிருக்கும்? ரிவைவல்-2 அளந்தது அந்த மிச்சத்தைத்தான்.

ஆனால் குழாய் உரிய நேரத்தில் திறக்கப்படாதவர்களும் உண்டு. குமராட்சிப் பக்கத்துக் கிராமமொன்றில் இரவில் நெஞ்சு வலித்தால் பலருக்கும் முதலில் தோன்றுவது வாயுப் பிடிப்பு. சோடா, வெந்நீர், விடியட்டும் என்ற தயக்கம். அதன்பின் காட்டுமன்னார்கோயில் சாலை வழியே சிதம்பரம், அண்ணாமலைநகர் மருத்துவமனை. அங்கே போய்ச் சேர்வதற்குள் 12 மணி நேர வரம்பு கடந்துவிடலாம். இத்தகைய நோயாளி ரிவைவல்-2இன் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டிருப்பார். 2023இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டம் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டர்வாஸ்டாட்டின் கிடைக்கச் செய்தது பெரிய காரியம். ஆனால் முழுதாக அடைத்த குழாயை அம்மாத்திரைகள் திறப்பதில்லை.

ஜி-சிஎஸ்எஃப் பற்றிய மற்றோர் ஆய்வான ஸ்டெம்மியும் பலன் காணவில்லையே என்பர். அதன் 78 பேரும் 12 மணி நேரத்துக்குள் சிகிச்சை பெற்றவர்களே. எனவே அது தனிச் சான்றாகாது. காலந்தாழ்ந்து வந்தவருக்கு ஊசியைவிட விரைவான சிகிச்சை முறைதான் தேவை என்ற மறுப்பு வலுவானது. தமிழ்நாட்டு மருத்துவமனைகளை வலைப்பின்னலாக இணைத்த ஆய்வில் (2017) ஓராண்டு இறப்பு 17.6இலிருந்து 14.2 விழுக்காடாகக் குறைந்ததை அறிவோம். எனினும் பிந்தி வருவோர் அதன்பின்னும் இருக்கத்தான் செய்கிறார்கள்.

ஜி-சிஎஸ்எஃப் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் இதயத்தின் வெளியேற்றத் திறன் 50 விழுக்காட்டுக்குக் கீழ் இருந்தோரிடம் ஓரளவு பலன் கண்டனர். உட்பிரிவுக் கணக்கு என்பதால் அதன்மேல் அதிகம் கட்டக்கூடாது. அடுத்த ஆய்வின் சேர்க்கை விதிக்கு அது போதும்: 12 மணி நேரம் கடந்து வந்தவர்கள், திறன் 50க்குக் கீழ், மருந்துப்போலியோடு ஒப்பீடு, எம்ஆர்ஐ அளவீடு.