ரிலே போனது, ஏணி தங்கியது

புனே வந்த புதிதில் எனக்கு மராத்தி சுத்தமாகத் தெரியாது, ஹிந்தியும் அரைகுறை. பேனல் முன்னால் நின்ற எலெக்ட்ரீஷியன் காகா பேசிப் பார்த்துவிட்டு, மடிப்பு கிழிந்த டிராயிங் ஒன்றை விரித்து விரலை வைத்தார். அப்புறம் பேச்சே தேவைப்படவில்லை!

லேடர் டயகிராம், அதாவது ஏணிப் படம். இரண்டு பக்கமும் சப்ளை கம்பிகள், நடுவே படிகள். படியின் இடது பக்கம் கான்டாக்டுகள், வலது ஓரம் ரிலே காயில். கான்டாக்டுகள் தொடராக இருந்தால் எல்லாம் மூடினால்தான் காயில் இழுக்கும். இணையாக இருந்தால் ஒன்று மூடினால் போதும். இதைக் கணிதமாக்கி 1937இல் எம்.ஐ.டி.யில் ஆய்வேடு எழுதியவர் கிளாடு ஷானன்.

நிற்க. கார் தொழிற்சாலைகளில் மாடல் மாறும்போதெல்லாம் ரிலே பேனல்களைப் பிரித்து மறுபடி ஒயரிங் செய்யவேண்டும். பெரிய தலைவலி. 1968இல் ஜெனரல் மோட்டார்ஸின் ஹைட்ராமேட்டிக் பிரிவு, ரிலேக்களுக்குப் பதிலாக எலெக்ட்ரானிக் கருவி கேட்டது. டிக் மார்லியும் நண்பர்களும் செய்த கருவிக்குப் பெயர் மாடிகான் 084. அவர்கள் கம்பெனியின் 84ஆவது வேலை, அவ்வளவுதான் பெயர்க்காரணம் :-)

அதற்குள் ரிலே கிடையாது. ஆனாலும் புரோகிராம் ஏணிப் படமாகவே இருந்தது. ராத்திரி ஷிப்டில் மிஷின் நின்றால் பார்க்கப்போவது எலெக்ட்ரீஷியன்தானே? அவருக்குத் தெரிந்த படத்தை மாற்றாமல் விட்டார்களே, அதைத்தான் நான் பெரிய கண்டுபிடிப்பு என்பேன்.

ஒரு இடத்தில் மட்டும் கால் வழுக்கும். பேப்பர் டிராயிங்கில் ஸ்டாப் பட்டன் மூடிய கான்டாக்ட். பி.எல்.சி. புரோகிராமில் அதே பட்டனுக்குத் திறந்த கான்டாக்ட் குறி போடவேண்டும். அந்தக் குறி கேட்பது "இன்புட்டுக்குக் கரண்ட் வருகிறதா?" என்று மட்டுமே.

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் யாரோ ஒரு புண்ணியவான், இரண்டும் ஒரே மாதிரி தெரியட்டுமென்று புரோகிராமில் மூடிய குறியைப் போட்டு, அதற்கேற்பப் பட்டனைத் திறந்த வகையாக மாற்றியிருந்தார். நன்றாகத்தான் ஓடியது. பட்டனுக்குப் போகும் ஒயர் அறுந்த அன்று, எத்தனை முறை அழுத்தியும் கன்வேயர் நிற்கவில்லை. மூடிய வகையாக இருந்திருந்தால் ஒயர் அறுந்த கணமே தானாக நின்றிருக்கும். ஓடிப்போய் மெயினை இறக்கினோம். நல்லவேளை, யார் கையும் உள்ளே இல்லை.

காகா என்னைத் திட்டவில்லை. டிராயிங்கை விரித்து ஸ்டாப் பட்டன்மேல் விரலை வைத்தார். பட்டனை மாற்றி, புரோகிராமில் குறியையும் திருத்தி, ஒயரைக் கழற்றிச் சோதித்த பிறகுதான் டீக்கே விட்டார்.