ஏரியில் ஓடும் எண்ணெய்க் கப்பல்கள்

1967 மார்ச் 18 அன்று டோரி கேன்யன் என்ற எண்ணெய்க் கப்பல், இங்கிலாந்தின் கார்ன்வால் கரைக்கும் சில்லித் தீவுகளுக்கும் இடையே பாறையில் ஏறி நின்றது. அதில் ஒரு லட்சம் டன்னுக்கு மேல் கச்சா எண்ணெய் இருந்தது. கடைசியில் பிரிட்டன் தன் விமானங்களை அனுப்பிக் குண்டு போட்டு எரிக்க வேண்டியதாயிற்று.

அதே ஆண்டு ஜூனில் போரால் சூயஸ் கால்வாய் மூடப்பட்டது. 1975 வரை திறக்கவில்லை. ஆப்பிரிக்காவைச் சுற்றித்தான் போக வேண்டும் என்றால், ஒரே நடையில் நிறைய ஏற்றினால்தான் கட்டுபடியாகும். 1966-ல் 2 லட்சம் டன்னைத் தாண்டிய கப்பல்கள் 1968-ல் 3 லட்சத்தையும் தாண்டின. ஓட்டியவர்களோ சின்னக் கப்பல்களில் தொழில் பழகியவர்கள். இந்தப் பூதங்கள் முழு வேகத்தில் வரும்போது இயந்திரத்தைப் பின்னுக்குத் திருப்பினாலும் நிற்பதற்குப் பல கிலோமீட்டர் ஆகும். நிஜக் கப்பலைக் கொடுத்து "மோதிப் பார்த்துக் கற்றுக்கொள்" என்று எந்த முதலாளி சொல்வார்?

இதற்கு எஸ்ஸோ நிறுவனம் கண்ட வழி கொஞ்சம் விளையாட்டுப் போலத் தெரியும். 1967-ல் பிரான்சில், கிரனோபிள் நகருக்குப் பக்கத்தில் போர்ட் ரெவல் என்ற சிறிய ஏரியில், 25-ல் ஒரு பங்கு அளவில் கப்பல்கள் செய்து விட்டார்கள். நரைத்த தலைக் கேப்டன்கள் அதற்குள் உட்கார்ந்து ஓட்டினார்கள். உட்காரும் இடம்கூட, நிஜக் கப்பலின் மேல்தளத்திலிருந்து பார்க்கிற கண் உயரத்துக்குக் கணக்காக அமைக்கப்பட்டது.

இதில் கணக்குதான் சுவாரஸ்யம். நீளம் 25 மடங்கு குறைந்தால் எடை 15,625 மடங்கு குறையும். அதாவது 2 லட்சம் டன் கப்பல் 13 டன்னுக்குள் அடங்கிவிடும். வேகமும் நேரமும் 5 மடங்கு குறையும். கடலில் 20 நிமிடம் ஆகிற காரியம் ஏரியில் 4 நிமிடத்தில் முடிந்துவிடும். கேப்டனும் 5 மடங்கு வேகமாக முடிவெடுக்க வேண்டும்! இது குறை என்று சொல்லலாம். ஆனால் இதில் தேறியவருக்கு நிஜக் கப்பலில் யோசிக்க நேரம் தாராளமாகக் கிடைக்கும். உண்மையான தொல்லை காற்றுதான். மணிக்கு 10 கி.மீ. தென்றல், இங்கே 50 கி.மீ. காற்றாக அடிக்கும். அதனால் மரங்கள் சூழ்ந்த ஏரி தேவைப்பட்டது.

1970-களின் நடுவில் அமெரிக்காவின் கிங்ஸ் பாயிண்ட் கப்பல் கல்லூரியில் கணினித் திரைகளோடு பெரிய சிமுலேட்டர் வந்தது. இது பயிற்சிக்கு மட்டுமல்ல, ஆராய்ச்சிக்கும்தான். கால்வாயை எவ்வளவு அகலமாகத் தோண்டலாம் என்பதை, தோண்டுவதற்கு முன்பே ஓட்டிப் பார்க்க முடிந்தது. 1995-ல் சர்வதேச விதிகள் திருத்தப்பட்டபோது ரேடார் பயிற்சிக்கு சிமுலேட்டர் கட்டாயமாயிற்று.

கணினி இவ்வளவு வளர்ந்த பிறகும் அந்த ஏரி மூடப்படவில்லை. ஆழமில்லாத நீரில், கரையை ஒட்டிப் போகிற கப்பலின் பின்பகுதியைக் கரை தன் பக்கம் இழுக்கும். மூக்கு எதிர்ப் பக்கம் திரும்பும். இந்த இழுப்பைச் சூத்திரத்தில் அடக்குவது கடினம். ஏரியிலோ தண்ணீரே அதைச் செய்துவிடுகிறது. 2021 மார்ச்சில் 400 மீட்டர் நீள எவர் கிவன் சூயஸில் குறுக்கே சிக்கி 6 நாள் வழியை அடைத்தபோது, போர்ட் ரெவல் ஏரியில் ஒரு குட்டி சூயஸ் கால்வாய் ஏற்கெனவே இருந்தது.