கருமணலுக்கு எத்தனை பெயர்

இல்மனைட் என்ற சொல்லைத் தமிழெழுத்தில் பார்க்கிற எவருக்கும் அதற்குள் இரண்டு வீடுகள் தெரியும். ‘இல்’ வீடு, ‘மனை’யும் வீடு. இல்லாள், மனையாள், இல்லறம், மனையறம் என்று இரண்டையும் மாற்றி மாற்றிப் புழங்கிவந்த நமக்கு, அவை ஒட்டி நிற்கும் ஒரு கனிமப் பெயர் கண்ணில் பட்டால் உள்ளம் துள்ளத்தான் செய்யும். ஆனால் செவி உடனே மறுக்கும். லகர மெய்க்குப் பின் மகரம் வந்தால் தமிழ் அதை அப்படியே விட்டுவைப்பதில்லை. நல் என்பது நன்மை ஆனதும், பல் என்பது பன்மை ஆனதும், சொல்லும் மாலையும் சேர்ந்து சொன்மாலை ஆனதும் அந்த வழக்கத்தால்தான். அந்நெறிப்படி நடந்திருந்தால் இது ‘இன்மனை’ ஆகி, இனிய மனையாகவே பொருள் தந்திருக்கும். சொல்லின் கடைசியில் நிற்கும் டகர மெய்யும் நம் நாவுக்குப் பழக்கமில்லாதது. பேச்சில் ஓர் உகரத்தைச் சேர்த்து ‘இல்மனைட்டு’ என்று வாய் தானாகவே முடித்துக்கொள்கிறது.

இந்த வீடுகள் எழுத்து செய்த தற்செயல். அந்தப் பெயரின் உண்மையான மனை உருசிய நாட்டில், யூரல் மலைத்தொடரின் தென்பகுதியில், மியாஸ் நகரை ஒட்டிய இல்மென் மலைகளில் இருக்கிறது. அங்கே கிடைத்த கரிய கனிமத்துக்கு 1827இல் அடால்ஃப் தியோடர் குப்ஃபர் அந்த மலையின் பெயரைச் சூட்டினார். நோவ்கொரோத் நகருக்கருகே இல்மென் என்று ஓர் ஏரியும் உண்டு. பெயர் ஒன்றாக இருப்பதை வைத்துக் கனிமத்தை ஏரிக்கரைக்குக் கொண்டுபோய்விடக் கூடாது.

இல்மனைட், இரும்பும் தைட்டானியமும் ஆக்சிசனோடு ஒன்றுக்கு ஒன்றுக்கு மூன்று என்ற கணக்கில் கூடிய கனிமம். கருமை, உலோக மினுக்கம், தண்ணீரைப்போல் ஏறத்தாழ 4.7 மடங்கு எடை, கடினத்தில் 5க்கும் 6க்கும் இடைப்பட்ட நிலை. இதே குடும்பத்திலும் அக்கம்பக்கத்திலும் எமட்டைட், மாக்னட்டைட், ரூட்டைல் என்று வேறு சிலவும் இருக்கின்றன. முதலிரண்டும் இரும்பின் ஆக்சைடுகள். மூன்றாவது தைட்டானியத்தின் ஆக்சைடு. கையில் எடுத்துப் பார்த்தால் எல்லாமே கறுத்தவை, கனத்தவை. எது எது என்று பிரித்தறியக் கனிமவியலார் சில எளிய சோதனைகளை வைத்திருக்கிறார்கள். இவற்றின் பழம்பெயர்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால் அந்தச் சோதனைகளே பெயருக்குள் பொதிந்து கிடப்பது தெரியும்.

எமட்டைட்டை எடுத்துக்கொள்வோம். கிரேக்கத்தில் ‘ஐமா’ என்றால் குருதி. ‘ஐமாட்டைட்டீஸ் லித்தோஸ்’ என்றால் குருதித்தன்மை கொண்ட கல். அரிசுடாட்டிலின் மாணவரான தியோஃப்ராசுடசு, கற்களைப் பற்றி எழுதிய நூலிலேயே இக்கல்லைக் குறிப்பிட்டு, உறைந்த குருதியோடு ஒப்பிட்டிருக்கிறார். நாளடைவில் ‘கல்’ என்னும் சொல் உதிர்ந்துபோக, அடைமொழியே பெயராகி நின்றுவிட்டது. இன்று நூற்றுக்கணக்கான கனிமப் பெயர்களின் இறுதியில் ஒலிக்கும் ‘ஐட்’ அந்த அடைமொழியின் எச்சம்தான். ஆனால் நன்கு படிகமான எமட்டைட் சிவப்பாகவே இராது. எஃகுபோல் சாம்பலும் கருமையுமாகக் கண்ணாடி மினுக்கத்தோடு இருக்கும். பிறகு ஏன் குருதி? பீங்கான் கோப்பையைக் கவிழ்த்தால் அடியில் மெருகு பூசாத சொரசொரப்பான வளையம் ஒன்று இருக்கும். அந்தக் கறுத்த கல்லை அதன்மேல் அழுத்தி இழுத்தால், கருங்கோடு விழும் என்று நாம் காத்திருக்க, செம்பழுப்பான கோடு விழுகிறது. கல்லின் மேனி ஏமாற்றும், அதன் தூள் ஏமாற்றாது என்பதைக் கிரேக்கர் கண்டுகொண்டு, கண்டதையே பெயராக்கினர்.

நம் மொழியில் இந்தத் தூளுக்குப் பெயர் காவி. தமிழிலும் மலையாளத்திலும் கன்னடத்திலும் இதே வடிவில் வழங்கும் சொல் இது. நம் குடும்பத்துச் சொத்து. எமட்டைட் கலந்த செம்மண் கட்டியாகிய காவிக்கல்லை நீர்விட்டு உரைத்துக் கோலத்துக்குக் கரைகட்டிய கைகளும், கோயில் மதிலில் வெள்ளைக்குப் பக்கத்தில் செம்பட்டை தீட்டிய கைகளும், கனிமவியலார் பீங்கானில் செய்கிற அதே சோதனையைத் தரையிலும் சுவரிலும் செய்துகொண்டிருந்தன. கல்லின் பெயராக இருந்த காவி நிறத்தின் பெயராகி, துணியின் பெயராகி, துறவின் பெயராகவும் ஆனது. ‘காவி கட்டினார்’ என்றால் கல்லை யாரும் நினைப்பதில்லை. ஆகுபெயர் இத்தனை படி ஏறிய சொற்கள் நம்மிடம் அதிகமில்லை.

மாக்னட்டைட் என்ற பெயர் வயதில் இளையது. 1845இல் வில்லெம் ஐடிங்கர் அமைத்தது. உள்ளிருக்கும் சொல்லோ மிகப் பழையது. மக்னீசியா என்னும் ஊரின் கல் என்பதால் அப்பெயர் என்பர் ஒரு சாரார். மாக்னசு என்ற ஆயனின் செருப்பாணிகளும் கைக்கோலின் இரும்பு முனையும் மேய்ச்சல் நிலத்துப் பாறையில் ஒட்டிக்கொண்டன என்ற கதையை உரோமரான பிளினி எழுதிவைத்திருக்கிறார். கதையை நம்பவேண்டியதில்லை, ஆனால் அடையாளம் சரியானது: இரும்பை இழுக்கும், காந்தத்தைத் தேடி ஓடிவரும். இழைத்தால் கோடும் கறுப்பே.

காந்தம் என்ற நம் வழக்குச் சொல்லைக் ‘காந்து’ என்னும் வினையோடு சேர்த்துவிட மனம் ஆசைப்படும். சோறு காந்துவதும் காந்தல் வாடையும் நமக்கு அத்தனை அணுக்கமானவை. ஒலி ஒத்திருப்பது மட்டும் உறவாகாது. வடமொழியில் ‘அயசு’ என்பது இரும்பு, ‘காந்த’ என்பது விரும்பப்பட்டது; அயக்காந்தம் என்றால் இரும்பின் காதலுக்குரியது. சித்த மருத்துவத்தில் இன்றும் வழங்கும் அயக்காந்தச் செந்தூரம் அந்த முழுப்பெயரைக் குலையாமல் காத்துவைத்திருக்கிறது. சீனரும் இக்கல்லை அன்புடைய கல் என்றே அழைத்தனர். தொலைவிலிருந்தே இரண்டு பொருள்கள் நெருங்கிவருவதைப் பார்த்தவர்களுக்கு வேறென்ன சொல் தோன்றும்? கடன் வாங்கிய சொல் என்பதால் அதன் அழகு குறைந்துவிடவில்லை. தமிழ் அதை எடுத்து ‘காந்தக்கல்’, ‘காந்தக்கண்’ என்று தன் போக்கில் வளர்த்தது.

காந்தம் கடன் என்றால் அது இழுக்கும் பொருளின் பெயர் நம்முடையது. இரும் என்பது கருமையையும் பெருமையையும் ஒருங்கே குறிக்கும் பழைய அடி. இருங்கழி கரிய கழி. இரும்பிடி கரிய பெண்யானை. செம்மையிலிருந்து செம்பு பிறந்தாற்போல இரும் என்னும் அடியிலிருந்து இரும்பு பிறந்தது எனக் கொள்வது பொருந்தும். கரும்பொன் என்ற இன்னொரு பெயரும் இதற்குத் துணை நிற்கிறது. பொன் என்பது எல்லா உலோகத்துக்கும் பொதுப்பெயராய் இருந்த காலத்தில் நிறமே இனம் பிரித்தது: செம்பொன், வெண்பொன், கரும்பொன். கொல்லரிலும் கருங்கொல்லர் என்றால் இரும்பை அடிப்பவர்.

ரூட்டைலுக்கு அதிகம் நிற்கவேண்டியதில்லை. இலத்தீனில் செந்நிறத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து 1803இல் ஆபிரகாம் வெர்னர் ஆக்கியது. இழைத்தால் வெளிர்பழுப்புக் கோடு விழும், காந்தம் இழுக்காது, வைரம்போன்ற பளபளப்பு உண்டு.

இனி இல்மனைட்டுக்கு வருவோம். குருதி, காதல், சிவப்பு என்று உறவினர் எல்லாரும் தம் அடையாளத்தைப் பெயரிலேயே சுமந்து நிற்க, இதன் பெயரில் ஒரு மலை மட்டுமே இருக்கிறது. ஆகவே இதை விலக்கி விலக்கித்தான் அறியவேண்டும். சாதாரணக் காந்தத்துக்குப் பாய்ந்து ஒட்டினால் மாக்னட்டைட்; மெல்ல அசைந்தும் அசையாமலும் கிடந்தால் இல்மனைட்டாக இருக்கலாம். இழைத்த கோடு சிவந்தால் எமட்டைட். கறுப்பாகவோ கருமை தோய்ந்த பழுப்பாகவோ விழுந்தால் இல்மனைட். இரண்டு கேள்விகளில் கண்டுபிடித்துவிடலாம், ஆனால் அந்த இரண்டில் ஒன்றையும் பெயர் நமக்குச் சொல்லித்தரவில்லை.

குப்ஃபர் பெயர் சூட்டுவதற்கு முன்பே இந்தக் கனிமத்துக்கு ஒரு பெயர் இருந்தது. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் மனாக்கன் என்னும் சிற்றூர்ப் பள்ளத்தாக்கின் ஓடையில் கிடந்த, வெடிமருந்துத் தூள்போன்ற கரிய மணலை வில்லியம் கிரெகர் என்ற பாதிரியார் ஆராய்ந்தார். அதிலிருந்த இரண்டு ஆக்சைடுகளுள் ஒன்று இரும்பினுடையது என்று தெளிந்தவர், மற்றது அதுவரை யாரும் அறியாத உலோகத்தினுடையது என்று 1791இல் அறிவித்தார். மணல் மெனக்கனைட் ஆனது. நான்கு ஆண்டுக்குப் பின் பெர்லினில் மார்ட்டின் கிளாப்ரோத், அங்கேரி நாட்டு ரூட்டைலிலிருந்து ஒரு புதிய உலோகத்தின் ஆக்சைடைப் பெற்றார். கிரெகர் கண்டதும் தாம் கண்டதும் ஒன்றே என்று பிறகு அவரே உறுதிசெய்தார். கண்ட பெருமை கிரெகருக்கு, பெயரிட்ட பெருமை கிளாப்ரோத்துக்கு.

கிளாப்ரோத் பெயரிட்ட முறையைச் சொல்லை விரும்புவோர் கூர்ந்து பார்க்கவேண்டும். ஒரு பொருளின் குணங்கள் முழுதும் தெரியாத நிலையில், அரைகுறையாக அறிந்த ஏதோவொரு குணத்தை வைத்துப் பெயரிட்டால் அது பின்னாளில் தவறான எண்ணத்தை வளர்க்கும். ஆகவே தன்னளவில் எந்தக் குணத்தையும் சுட்டாத பெயரே நல்லது என்பது அவர் கொள்கை. கிரேக்கப் புராணத்தில் மண்மகளின் முதற்புதல்வர்களான தைட்டன்களின் பெயரை எடுத்துத் ‘தைட்டானியம்’ என்றார். 1789இல் இன்னொரு தனிமத்துக்கு யுரேனசு கோளை வைத்து யுரேனியம் என்று பெயரிட்டவரும் இவரே. யுரேனசு தைட்டன்களின் தந்தை. தந்தைக்கு முதலில், மக்களுக்கு அடுத்து என்று முறை பிசகாமல் பெயர் வழங்கியிருக்கிறார். காவியும் காந்தமும் தந்த மரபுக்கு இது நேர் எதிரானது. எனக்கு அந்தப் பழைய மரபே உவப்பு. ஆனாலும் கிளாப்ரோத்தின் எச்சரிக்கையில் நேர்மை இருக்கிறது என்பதை ஒப்பவேண்டும்.

மெனக்கனைட் மெல்ல மறைந்தது. பொகீமியாவின் ஈசர் ஆற்றையொட்டிய மணலால் ஈசரின் என்று வழங்கிய பெயரும் மங்கியது. கடைசியில் வந்த யூரல் மலைப்பெயர் நிலைத்தது.

தமிழ்நிலத்தில் இந்த மணல் குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கறுப்பு விரிப்பாகக் கிடக்கிறது. ஈழத்தில் புல்மோட்டைக் கரையிலும் உண்டு. கரையோர மக்கள் வைத்த பெயர் கருமணல். கண் கண்டதைச் சொன்ன பெயர். அதற்குள் இல்மனைட், ரூட்டைல், சிர்க்கான், மோனசைட், கார்னெட் எல்லாம் கலந்திருக்கின்றன. ஆகவே கருமணலும் இல்மனைட்டும் ஒருபொருட் பன்மொழி அல்ல. அது கலவையின் பெயர், இது அதனுள் ஒரு கனிமத்தின் பெயர்.

மணவாளக்குறிச்சி என்ற ஊர்ப்பெயரில் மணல் இருப்பதுபோல் காதுக்குத் தோன்றும், இருப்பவன் மணவாளன். வியப்பு பின்பாதியில்தான். குறிச்சி என்பது பழந்தமிழில் குறிஞ்சி நிலத்து ஊர். மலையூருக்கு உரிய சொல், பின்னாளில் எந்நிலத்து ஊருக்கும் பொதுவாகி, இங்கே அலை அடிக்கும் நெய்தலில் வந்து அமர்ந்திருக்கிறது. கருமணலும் அவ்வாறு இறங்கிவந்ததே. மேற்குத் தொடர்ச்சி மலையின் பாறைகள் மழையிலும் வெயிலிலும் நொறுங்க, ஆறுகள் கடலுக்குக் கொண்டுவர, அலைகள் இலேசான வெண்மணலை அள்ளிப்போய்க் கனத்த கரிய மணிகளைக் கரையிலேயே விட்டுவைத்தன. சாதாரண மணலின் எடை நீரைப்போல் 2.65 மடங்கு; இல்மனைட்டின் 4.7 அதைத் தங்கவைத்தது.

திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில், 1909இல் சோம்பர்க் என்ற செருமானியர் மோனசைட்டைக் கண்டார். எரிவாயு விளக்கின் வலைத்திரிக்கு வேண்டிய தோரியம் அதில் இருந்தது. முதலில் மதிப்பெல்லாம் அதற்கே. இல்மனைட் ஒதுக்கித் தள்ளப்பட்டது. தைட்டானியத்தின் ஆக்சைடிலிருந்து வெள்ளை வண்ணப்பொடி செய்யும் தொழில் வளர்ந்த பிறகு 1922 முதல் இல்மனைட்டும் கப்பலேறியது. வைரத்தைவிட ஒளியை மிகுதியாக வளைப்பது அந்த ஆக்சைடு. அந்த ஆற்றலால்தான் சுவர்ப்பூச்சும் தாளும் அத்தனை வெளுப்பாகத் தெரிகின்றன.

மோனசைட் என்ற பெயருக்குக் கிரேக்கத்தில் ‘தனித்திருப்பது’ என்று பொருள். படிகங்கள் தனித்தனியாகக் கிடைத்ததால் 1829இல் பிரைட்டாப்ட் சூட்டியது. அவர் பார்த்த படிகங்கள் வந்த இடம் எது தெரியுமா? இல்மனைட்டுக்குப் பெயர் தந்த அதே இல்மென் மலை. யூரலில் அடுத்தடுத்து இரண்டே ஆண்டு இடைவெளியில் பெயர் பெற்ற இரு கனிமங்கள், மணவாளக்குறிச்சி மணலில் ஒரே கைப்பிடிக்குள் கலந்து கிடக்கின்றன. இங்கே மோனசைட் ஒருபோதும் தனித்திருப்பதில்லை.

குப்ஃபரின் காலத்துக்குப் பின் இன்னொரு பெயரும் இக்கனிமத்தைத் தேடி வந்தது. நெடுங்காலம் நீரிலும் காற்றிலும் கிடந்த இல்மனைட்டிலிருந்து இரும்பு சிறிது சிறிதாகக் கரைந்து வெளியேற, தைட்டானியத்தின் பங்கு கூடும். கணக்குப்படி 52.7 விழுக்காடாக இருக்கவேண்டிய தைட்டானிய ஆக்சைடு மணவாளக்குறிச்சி மணலில் ஏறத்தாழ 55 இருப்பதற்கு இதுவே காரணம். இன்னும் முற்றினால் கறுப்பு மணி வெளிறிப்போகும். அந்த வெளிறிய பொருளுக்கு 1874இல் கும்பெல் இட்ட பெயர் லூக்கொசீன். ‘லூக்கோசு’ வெண்மை, ‘செனோசு’ அயலான். கிரேக்கத்தில் அயலானும் விருந்தினனும் ஒரே சொல்லுக்குள் இருக்கிறார்கள். நமக்கும் விருந்து என்பது முதலில் புதுமை. புதிதாய் ஆக்கும் நூலுக்கே தொல்காப்பியர் ‘விருந்து’ என்று பெயர் சொன்னார். பிறகுதான் அது வாயிலில் வந்து நிற்கும் புதியவரையும், அவருக்கு இடும் உணவையும் குறித்தது.

கலைச்சொல் ஆக்குவோர் எமட்டைட்டுக்கும் மாக்னட்டைட்டுக்கும் புதிதாகத் தேடவேண்டாம், காவிக்கல்லும் காந்தக்கல்லும் கைவசம் இருக்கின்றன. இல்மனைட் இடப்பெயர், இடப்பெயரை மொழிபெயர்க்கலாகாது, ஓர் உகரம் சேர்த்துக்கொண்டால் போதும். லூக்கொசீனை மட்டும் ‘வெண்விருந்து’ என்று எழுதிப் பார்க்கிறேன். துறையறிந்தவர்கள் இதைவிட நல்ல சொல் வைத்திருந்தால் சொல்லுங்கள். இல்லையென்றால் இதையே பயன்படுத்துங்கள்.