சோடா மூடியும் தீட்டும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் சமூக வரலாற்றை எழுதப் புகுவோர் கோயில் வாசலையும் கிணற்றுக் கட்டையும் மறவாமல் குறிப்பிடுகின்றனர். சோடாப் போத்தலின் தகர மூடியை எவரும் பொருட்படுத்துவதில்லை. ஆயினும் அச் சிறு மூடிக்கும் அந்த வரலாற்றில் ஓர் இடமுண்டு.

'உயர்ந்த' சாதியினர் எனப்பட்ட ஒருவர், தேர்தல் காலத்திலோ வேறு தேவை கருதியோ, தாழ்த்தப்பட்ட மக்களின் வீடொன்றுக்குச் செல்ல நேர்ந்தால் அவர் முன் வைக்கப்பட்டது என்ன? தண்ணீரன்று, தேநீருமன்று. மூடி கழற்றாத சோடாப் போத்தல். அது கிடையாதவிடத்து இளநீர். வீட்டாரின் பாத்திரம் இரண்டுக்கும் வேண்டியதில்லை. போத்தலை அவர் கண்ணெதிரே உடைத்துக் கொடுத்தால் தீட்டு உள்ளே புகவில்லை என்று பொருள்! விருந்தோம்பியவரின் மனம் என்ன பாடுபட்டது என்பதைக் கணக்கிட எந்தப் பஞ்சாங்கமும் இல்லை.

இம் மூடியைக் கண்டுபிடித்தவர் இவ்வாறொரு பயனைக் கனவிலும் எண்ணியிருக்க மாட்டார். 1870களில் ஆங்கிலேயரான ஹைரம் கொட் என்பவர், கழுத்தில் கண்ணாடிக் குண்டு உருளும் போத்தலைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். உள்ளிருக்கும் வாயுவே குண்டை மேலே தள்ளி வாயை அடைத்துக்கொள்ளும். 1892இல் அமெரிக்காவின் பால்ற்றிமோர் நகரில் வில்லியம் பெயின்ரர், விளிம்பில் 24 பற்கள் கொண்ட தகர மூடிக்கு உரிமம் பெற்றார். பிற்காலத்தில் அப் பற்கள் 21 ஆயின. காபனீரொட்சைட்டு வெளியேறக் கூடாது என்பதே அவர் கவலை. நம்மவர் கவலையோ மனிதனின் கை உள்ளே போகக் கூடாது என்பது.

இதிலுள்ள பொய்மையைக் கள்ளைப் போல் அம்பலப்படுத்தியது வேறொன்றில்லை. பனையேறிப் பாளை சீவியவரின் கையால் முட்டி இறங்கும். அவர் கையாலேயே கள் வார்க்கப்படும். அதைப் பருகும்போது தீட்டு நினைவுக்கு வராது. அதே மனிதரின் வீட்டுச் செம்பில் தண்ணீர் வாங்கத்தான் சாத்திரம் குறுக்கே வந்தது. கள் வார்த்த பிளாவோ பனையோலையால் ஆனது, குடித்ததும் எறியப்படுவது. சாதிக்கு வசதியான பாத்திரம்தான்!

தேநீர்க் கடைகளில் இவ்வழக்கம் தலைகீழாயிற்று. அங்கே சிரட்டையும் தகரப் பேணியும் தாழ்த்தப்பட்டோருக்கென ஒதுக்கப்பட்டன. சிறுபான்மைத் தமிழர் மகாசபையின் முயற்சிகளும், 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டமும் இவ்வழக்கத்தை அசைத்தன. ஆனால் அதை முற்றாக வீழ்த்தவில்லை. 1966 அக்டோபர் 21 அன்று சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலமும், அதன்பின் சங்கானை முதலிய இடங்களில் நடந்த போராட்டங்களுமே கிளாசை எல்லோருக்கும் பொதுவாக்கின. இரத்தம் சிந்திப் பெற்ற கிளாஸ் அது.

இனி மூடியை அழுத்தும் கையின் கதை. 1970களின் தொடக்கத்தில் சீவல் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களில் ஒன்றுசேர்ந்தனர். 1978இல் பனை அபிவிருத்திச் சபை உருவாகியது. வடமராட்சியின் திக்கத்தில் வடிசாலை எழுந்தது. கள்ளும் போத்தலில் ஏறியது. அதுவரை பிறர் அடைத்த போத்தலைத் திறந்து கொடுத்தவர்கள், தம் உழைப்பின் பயனைத் தாமே அடைக்கும் நிலைக்கு வந்தனர்.

ஆனால் கள் சோடாவைப் போன்றதன்று. இறக்கிய சில மணி நேரத்திலேயே மதுவம் சீனியைத் தின்று வாயுவை வெளிவிடுகிறது. அப்படியே இறுக அடைத்தால் போத்தல் வெடிக்கும். ஆகவே 60 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கி மதுவத்தை அழித்தாக வேண்டும். அதன்பின் மூடி நழுவாதிருக்கப் பொறி நன்றாக அமைய வேண்டும்.

சிறிய அளவில் அடைப்பவருக்கு இரு வகைக் கைப்பொறிகள் உண்டு. ஒன்று இரண்டு கைபிடிகள் கொண்டது. அது போத்தற் கழுத்தின் விளிம்பைக் கவ்விக்கொண்டு மூடியை அழுத்தும். விலை குறைவு, ஆயினும் கழுத்து ஒடுங்கிய, தடித்த விளிம்பற்ற போத்தலில் பிடி வழுவும், கண்ணாடி உடையும். மற்றையது மேசையில் நிறுத்துவது. போத்தலின் உயரத்துக்கேற்ப அதன் தலையை ஏற்றியிறக்கி, நெம்புகோலால் நேர்செங்குத்தாக அழுத்தலாம். பல இடங்களிலிருந்து சேர்த்த பழைய போத்தல்களைக் கழுவி அடைக்கும் சங்கத்துக்கு, பணம் சற்று அதிகமாயினும், இரண்டாவதே தகும் என்பேன். ஒரு கையால் போத்தலைப் பிடித்து மறு கையால் அழுத்தலாம். நாள் முழுதும் நிற்பவரின் தோளும் தப்பும்.

வாங்குமுன் மூடியின் அளவையும் பார்த்துக்கொள்க. 26, 29 மில்லிமீற்றர் என இரு அளவுகள் உண்டு. ஒன்றின் பொறி மற்றதற்கு உதவாது. 26 மில்லிமீற்றர் மூடியைச் சரியாக அழுத்தினால், அதன் விளிம்பின் குறுக்களவு ஏறத்தாழ 28.7 மில்லிமீற்றர் இருக்கும். கூடினால் வாயு கசியும். குறைந்தால் கழுத்து கீறும். இரண்டொரு போத்தல்களை அடைத்துத் தலைகீழாக நீரில் அமிழ்த்திப் பார்த்தால், குமிழியே மிகுதியைச் சொல்லிவிடும்.